ஏர் பிஸ்டலில் ட்ரிகர் எடை பார்ப்பது எப்படி: 500 கிராம் சோதனைக்கு முழுமையான வழிகாட்டி

“நேத்து தூக்குச்சே சார், இன்னைக்கு ஏன் தூக்கல?” போட்டிக்கு முந்தைய வாரம் எங்கள் ரேஞ்சில் இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. ட்ரிகர் எடை என்பது துப்பாக்கி சுடுவதற்கு ட்ரிகரை எவ்வளவு கனத்தில் இழுக்க வேண்டும் என்பது. அது விதி சொல்லும் அளவுக்குக் குறையவில்லை என்று பார்க்க, 500 கிராம் எடைக்கல்லை ட்ரிகரில் மாட்டித் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். ஒரு தடவை தேறுகிறது, அடுத்த தடவை ட்ரிகர் விழுந்துவிடுகிறது, அதாவது கல் எழும் முன்பே துப்பாக்கி சுட்டுவிடுகிறது. உடனே ஆலன் கீயை (அறுகோணத் திருகுச் சாவி) எடுத்து எந்தத் திருகையாவது திருப்ப ஆரம்பிக்கிறார்கள்.

நான் பார்த்தவரை, பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கோளாறு திருகில் இல்லை. எடை பார்க்கும் வரிசையிலோ தூக்கும் கையிலோதான் இருக்கிறது. எடை பார்ப்பது கடைசியாகச் செய்யும் வேலை. அதை முதலில் செய்துவிட்டு மற்றதை எல்லாம் பிறகு மாற்றினால், பார்த்த எடைக்கு அர்த்தமே இல்லை. அதனால் கீழே உள்ள வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. உங்கள் பிரிவுக்கு எத்தனை கிராம்?

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சம் 500 கிராம். 25 மீட்டர் பிஸ்டல் பிரிவுகளுக்கு 1000 கிராம். 50 மீட்டர் பிஸ்டலுக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கும் எடை வரம்பு இல்லை. 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்கு 1500 கிராம்.

இவை எல்லாமே குறைந்தபட்ச அளவுகள். அதிகமாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வழிகாட்டி முழுக்க ஏர் பிஸ்டலை வைத்தே சொல்கிறேன், புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஏர் ரைஃபிள் சுடுகிறவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

2. மேஜையில் இருக்க வேண்டியவை

சோதனைக் கல் ஒன்று வேண்டும். அது ஸ்பிரிங் இல்லாத, உருளும் சக்கரம் இல்லாத வெறும் எடையாக இருக்க வேண்டும். மேலே ஒரு கம்பி, கம்பியின் முனையில் ட்ரிகரில் மாட்டும் வளைவு, கீழே எடை, அவ்வளவுதான். மாட்டும் இடத்தில் உலோகத்திலோ ரப்பரிலோ ஒரு கூரான விளிம்பு இருக்கும். அந்த விளிம்பு ட்ரிகரில் எந்தப் புள்ளியில் உட்கார்கிறதோ அங்கேயே நிற்கும், வழுக்காது. உருளையை விதி தடை செய்திருப்பதும் இதற்காகத்தான். உருளை இருந்தால் எடை தானாகவே ட்ரிகரின் வளைவில் ஓடி வேறு இடத்துக்குப் போய்விடும்.

கல் வாங்க முடியாதவர்கள் வீட்டில் செய்துகொள்ளலாம். நான் பல வருடம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத்தான் வைத்திருந்தேன். மூடியின் நடுவில் துளை போட்டு விறைப்பான கம்பியைச் செருகி, உள்ளே காய்ந்த மணலை நிரப்பினேன். தண்ணீர் வேண்டாம். தூக்கும்போது தளும்பும், தளும்பினால் எடை துள்ளும்.

டப்பா, கம்பி, மூடி, மணல் எல்லாம் சேர்த்து 500 கிராம் வர வேண்டும். “மணல் 500 கிராம் போட்டேன்” என்று ஒருவர் பெருமையாகக் கொண்டுவந்தார். தராசில் வைத்தால் 560 காட்டியது. பாவம், இரண்டு வாரமாகத் தன் பிஸ்டலைக் கனமாக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

எடையைச் சரிபார்க்கச் சமையலறை டிஜிட்டல் தராசு ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் அந்தத் தராசே சரியா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மளிகைக் கடையில் முத்திரை வைத்த அரைக் கிலோ படிக்கல் இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். தெரிந்த நகைக்கடைக்காரர் இருந்தால் உங்கள் கல்லை அவருடைய தராசில் வைத்துக் காட்டச் சொல்லலாம். 5 கிராம் வித்தியாசம்கூட இங்கே முக்கியம்.

கூடுதலாக ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் பெல்லட் (ஏர் பிஸ்டலில் சுடும் சின்னக் குண்டு) கொஞ்சம் எடுத்து வையுங்கள். போட்டி பெல்லட் ஒன்று ஏறக்குறைய அரை கிராம், எனவே பத்து பெல்லட் 5 கிராமை ஒட்டி வரும். கல்லின் மேல் பத்து பத்தாகப் போட்டு எடையைக் கூட்டுவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. சுட்டு நசுங்கிய பெல்லட்டே போதும்.

இன்னும் ஒரு மடித்த துணி, துப்பாக்கியோடு வந்த ஆலன் கீ, பேனா, ஒரு நோட்டு. பாதுகாப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

3. துப்பாக்கி காலி என்பதை இரண்டு தடவை பாருங்கள்

இந்தச் சோதனையில் பாரல் மேலே பார்த்து நிற்கும், துப்பாக்கியில் காற்று இருக்கும், சுடத் தயாரான நிலையிலும் இருக்கும். ரேஞ்சில் நாம் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே பாரல் எப்போதும் டார்கெட்டைப் பார்க்க வேண்டும் என்பதுதான். இங்கே அதை மீறுகிறோம் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

முதலில் துப்பாக்கியை டார்கெட் பக்கம் திருப்பி லோடிங் பகுதியைத் திறங்கள். பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். பாரலின் முழு நீளத்துக்கும் போகிற பாதுகாப்புக் கொடியை (பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் நீளமான இழை) உள்ளே விட்டு மறுமுனையில் வெளியே வருகிறதா என்று பாருங்கள். கொடி ஊடே போகிறது என்றால் பாரலுக்குள் எதுவும் சிக்கவில்லை. சோதனை தொடங்கும் நொடியில்தான் கொடியை எடுக்க வேண்டும்.

பெல்லட் டப்பாவை மேஜையிலிருந்து தள்ளி வையுங்கள். மேலே சொன்ன பெல்லட் பையையும் முடிச்சுப் போட்டே வைத்திருங்கள். ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, அவர் காட்டும் இடத்தில் செய்யுங்கள். மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போது ஃபயரிங் லைனில் நின்று பாரலை மேலே தூக்கினால் திட்டு வாங்குவீர்கள், அது நியாயமும்கூட.

பாரல் வாய்க்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். ட்ரிகர் விழுந்தால் பெல்லட் இல்லாவிட்டாலும் காற்று வேகமாக வெளியே வரும். குனிந்து கல்லைப் பார்க்கும் அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. காற்று சிலிண்டர் உள்ள போட்டிப் பிஸ்டலை பெல்லட் இல்லாமல் சில தடவை சுடுவதில் பிரச்சினை இல்லை. ஸ்பிரிங்-பிஸ்டன் வகைத் துப்பாக்கியை அப்படிச் செய்தால் உள்ளே அடிபடும். பழகுவதற்காக ஸ்பிரிங் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் அதில் இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம்.

4. முதலில் ட்ரிகர் பிளேடின் இடத்தை முடிவுசெய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எடையைச் சரியாக 505-ல் வைத்துவிட்டு, மறுநாள் “விரல் சரியா படல” என்று பிளேடை, அதாவது ட்ரிகரில் விரல் படும் பகுதியை, கொஞ்சம் முன்னே தள்ளி, கொஞ்சம் திருப்பி வைப்பார்கள். எடைத் திருகைத் தொடவே இல்லை, ஆனாலும் எடை மாறிவிடும்.

காரணம் நெம்புகோல். ட்ரிகர் ஒரு அச்சில் ஆடுகிறது. அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இழுக்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு எடை தேவை என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அச்சிலிருந்து 20 மில்லிமீட்டரில் 500 கிராம் தேவைப்படும் ட்ரிகரை 22 மில்லிமீட்டரில் இழுத்தால் சுமார் 455 கிராமே போதும். 18 மில்லிமீட்டரில் இழுத்தால் 555 கிராம் வேண்டும். வெறும் 2 மில்லிமீட்டருக்கு இந்த வித்தியாசம்.

ஆகவே கிரிப் முதலில். கை கிரிப்பில் உட்கார்ந்தபின் விரல் எங்கே வருகிறது என்று பாருங்கள். பிறகு பிளேடை முன்பின்னாகவும், அது திரும்பும் வகை என்றால் கோணத்திலும் உங்கள் விரலுக்கு ஏற்றபடி வையுங்கள். திருகை இறுக்குங்கள். இறுக்கியபின் பிளேடை விரலால் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது.

கிரிப்பைப் புதிதாகச் செதுக்கி, புட்டி வைத்துக்கொண்டிருக்கிற நிலையில் இருப்பவர்கள் எடையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். கிரிப் முடியட்டும். அதுவரை ட்ரிகரைத் தாராளமாக 550-க்கு மேலே வைத்துப் பயிற்சி செய்யலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பிளேடு இறுதியானபின் அதன் இடத்தை ஒரு மெல்லிய பேனாக்கோட்டால் குறித்து வையுங்கள். பயணத்தில் தளர்ந்து நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

5. சோதனைக்கு முன் துப்பாக்கியின் நிலை

போட்டியில் எந்த நிலையில் சுடுவீர்களோ அந்த நிலையில்தான் எடை பார்க்க வேண்டும். ஏர் பிஸ்டலுக்குக் காற்றுவிசை செயல்படும் நிலையில் இருக்க வேண்டும் என்று விதியும் சொல்கிறது. டிரை ஃபயர் முறையில் (காற்றும் பெல்லட்டும் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இயக்கிப் பழகும் முறை) வைத்துத் தூக்கிவிட்டு “தேறிவிட்டது” என்று நினைக்காதீர்கள். டிரை ஃபயரில் உள்ளே இயங்கும் பாகங்களின் மேல் விழும் சுமை வேறாக இருக்கலாம். விரலுக்கு ஒரே மாதிரி தெரியும், கல்லுக்குத் தெரியாது.

எலக்ட்ரானிக் ட்ரிகர் என்றால் ஸ்விட்சைப் போட்டிருக்க வேண்டும். பேட்டரி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அணைத்து வைத்த ட்ரிகரில் கல்லைத் தொங்கவிட்டு, அது விழவே இல்லை என்று சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ட்ரிகர் பகுதியில் தூசி, பஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிடுங்கள். வெளியிலிருந்து எட்டும் அளவுக்குப் போதும், பிரிக்க வேண்டாம். பிசுக்கு ட்ரிகரைக் கனமாகக் காட்டும். போட்டிக்கு முன் சுத்தம் செய்தால் அந்தப் பொய்யான கனம் போய்விடும், 500-ல் இருந்தது 490 ஆகிவிடும். சுத்தம் முதலில், எடை பிறகு என்பதற்கு இதுதான் காரணம்.

வெயிலில் நின்ற காரின் டிக்கியிலிருந்து எடுத்து வந்த துப்பாக்கியை உடனே சோதிக்காதீர்கள். ஏசி ரேஞ்சுக்குள் அரை மணி நேரம் கிடக்கட்டும். பிறகு ஐந்தாறு ஷாட் சுடுங்கள். பாகங்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தபின் பார்க்கும் எடைதான் நம்பத்தக்கது.

6. தூக்குவது

இப்போதுதான் கல் வருகிறது. மேஜையில் மடித்த துணியை விரித்து அதன்மேல் கல்லை நேராக நிறுத்துங்கள். மேஜை சமமாக இருக்க வேண்டும். கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு ட்ரிகரில் மாட்டி மெல்ல விடுவது தவறான முறை. எவ்வளவு மெதுவாக விட்டாலும் கடைசியில் கை ஒரு குலுக்கல் கொடுக்கும்.

துப்பாக்கியைத் தயார் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பெல்லட் இல்லை, பார்த்துவிட்டோம். பாரல் செங்குத்தாக மேலே பார்க்கும்படி பிடியுங்கள். உங்கள் விரல்கள் ட்ரிகர் காவலுக்கு வெளியே, கிரிப்பிலும் உடலிலும் மட்டும் இருக்கட்டும்.

துப்பாக்கியை இறக்கி, கம்பியின் வளைவு ட்ரிகர் பிளேடின் நடுப்பகுதியில் உட்காரும்படி கொண்டுபோங்கள். நடு என்பது முக்கியம். நுனியில் மாட்டினால் நெம்புகோல் நீளம் கூடி, நல்ல ட்ரிகரும் விழும். அச்சுக்கு அருகில் மாட்டினால் குறைந்த எடையுள்ள ட்ரிகரும் தேறும். இரண்டாவது தவறு இன்னும் மோசம், ஏனென்றால் அது சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பிவிடும். போட்டியில் அதிகாரி நடுவில் மாட்டும்போதுதான் உண்மை தெரியும்.

இனி மெதுவாக மேலே தூக்குங்கள். “மெதுவாக” என்றால் எவ்வளவு மெதுவாக? கம்பி இறுகுவதைக் கண்ணால் பார்க்க முடிகிற வேகம். முதலில் ட்ரிகரின் முதல் கட்டம், அதாவது ஒரு தடை தட்டுப்படும்வரை பின்னால் போகும் பகுதி, நகரும், அங்கே ஒரு நொடி நில்லுங்கள். பிறகு இரண்டாம் கட்டத்தின் சுவரில், அதாவது தாண்டினால் துப்பாக்கி சுட்டுவிடும் அந்தத் தடையில், எடை முழுசாக ஏறும். அப்புறம் கல் துணியை விட்டு எழும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் எழுந்தால் போதும், நெற்றி உயரத்துக்குத் தூக்க வேண்டியதில்லை.

இந்த மெதுவான வேகத்துக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வேகமாகத் தூக்கினால் கல்லின் எடையே கூடும். கால் நொடியில் கை வேகமெடுத்து நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தை எட்டினால், அந்த நேரத்தில் ட்ரிகர் உணர்வது 500 அல்ல, சுமார் 560 கிராம். லிஃப்ட் கிளம்பும்போது கால் கனப்பது போலத்தான்.

இரண்டாவது காரணம் முதல் கட்டத்தில் இருக்கிறது. முதல் கட்டம் லேசாகவும் நீளமாகவும் வைத்திருக்கும் ட்ரிகரில், எடை ஏறிய உடனே பிளேடு சரேலென்று பின்னால் ஓடி இரண்டாம் கட்டத்தில் மோதும். அந்த மோதலிலேயே ட்ரிகர் விழுந்துவிடும். எடை சரியாக இருந்தும் தோற்பவர்களில் பெரும்பாலானோர் இந்த வகை.

கல் தொங்கும்போது கம்பியைப் பாருங்கள். அது ட்ரிகர் காவலையோ, கிரிப்பையோ, துப்பாக்கி உடலையோ உரசக் கூடாது. உரசினால் எடையின் ஒரு பகுதியை அந்த இடம் தாங்கிக்கொள்ளும், ட்ரிகருக்கு முழு 500 வராது. பெரிய பாம் ரெஸ்ட் (உள்ளங்கையைக் கீழிருந்து தாங்கும் பகுதி) உள்ள கிரிப்பில் இது அடிக்கடி நடக்கும். கம்பி ஆடாமல் நேர்க்கோட்டில் தொங்க வேண்டும், ஊஞ்சல் ஆடினாலும் எடை மாறும்.

பாரல் சாய்ந்தால் என்ன ஆகும்? முன்பின்னாகச் சாய்ந்தால், அச்சுக்கும் எடை தொங்கும் கோட்டுக்கும் இடையிலான தூரம் மாறும். சாயும் பக்கத்தைப் பொறுத்து எடை கூடியோ குறைந்தோ தெரியும். பக்கவாட்டில் சாய்ந்தால் கம்பி ஓரத்துக்கு வழுக்கி உரசும். தனியாகச் செய்யும்போது சாய்வு தெரியாது. நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், அல்லது பின்னால் ஒரு கதவுச் சட்டத்தை வைத்து அதோடு பாரலை ஒத்துப் பாருங்கள்.

கல் எழுந்து, இரண்டு மூன்று நொடி அசையாமல் தொங்கி, ட்ரிகர் விழாமல் இருந்தால் தேறியது. அதே மெதுவில் கல்லை மேஜையில் இறக்குங்கள்.

7. ஒரு தடவை தேறினால் போதாது

விதி மூன்று முயற்சி வரை தருகிறது. மூன்றில் ஒன்றில் தூக்கிவிட்டால் போதும். இதை நினைத்துக்கொண்டு வீட்டுச் சோதனையிலும் “மூணாவது தடவை வந்துடுச்சு” என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சலுகை போட்டி மேஜைக்கு. பயிற்சியில் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் அளவு பத்துக்குப் பத்து. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைப் புதிதாகத் தயார் செய்து, புதிதாக மாட்டித் தூக்க வேண்டும். பத்தில் ஒன்று விழுந்தாலும் ட்ரிகர் எல்லையில் இருக்கிறது என்று பொருள்.

500 கிராம் கல் “ஆம், இல்லை” மட்டும்தான் சொல்லும். உங்கள் ட்ரிகரின் உண்மையான எடையைச் சொல்லாது. அதற்குத்தான் அந்த பெல்லட் பை. கல்லின் மேல் பத்து பெல்லட் போட்டுத் தூக்குங்கள். தேறினால் இன்னும் பத்து. எந்த எடையில் ட்ரிகர் விழத் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் எடை. சேர்த்த பெல்லட்டோடு கல்லைத் தராசில் வைத்து எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள், தலைக்கணக்கு வேண்டாம்.

எவ்வளவில் நிறுத்துவது? சரியாக 500-ல் நிற்கும் ட்ரிகரோடு போட்டிக்குப் போகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. 510-க்குக் கீழே நான் விடுவதில்லை, புதியவர்களுக்கு 520. 20 கிராமால் ஒரு 9 யாருக்கும் 10 ஆவதில்லை. ஆனால் 2 கிராம் குறைவால் 60 ஷாட்டும் வீணாகும்.

8. குறைவாக இருந்தால் என்ன செய்வது?

துப்பாக்கியின் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். போட்டிப் பிஸ்டலில் பொதுவாக முதல் கட்ட எடை, முதல் கட்ட நீளம், இரண்டாம் கட்ட எடை, ட்ரிகர் விழுந்தபின் நிற்கும் இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் திருகுகள் இருக்கும். எந்தத் திருகு எது என்பது மாடலுக்கு மாடல் வேறு. நண்பரின் பிஸ்டலில் பார்த்ததை வைத்து உங்களுடையதைத் திருப்ப வேண்டாம்.

திருப்புவதற்கு முன் இப்போதைய நிலையைப் போட்டோ எடுங்கள். பிறகு கால் சுற்றுக்கும் குறைவாக ஒரே ஒரு திருகை மட்டும் திருப்புங்கள். இரண்டைச் சேர்த்துத் திருப்பினால் எது எதைச் செய்தது என்று தெரியாது, பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாது. நோட்டில் “முதல் கட்ட எடை, வலப்பக்கம் 1/8” என்று எழுதுங்கள்.

கல்லில் தெரிவது இரண்டு கட்டங்களும் சேர்ந்த மொத்த எடை. குறைந்திருந்தால் முதல் கட்டத்தைத்தான் கூட்டச் சொல்வேன். மொத்தத்தில் முக்கால் பங்கு முதல் கட்டத்தில் இருந்தால், விரல் ஏற்கெனவே நல்ல பிடிமானத்தோடு சுவரில் காத்திருக்கும். மிச்சம் சின்ன அழுத்தம். மேலே சொன்ன சரேல் ஓட்டமும் குறையும். சிலர் இதற்கு நேரெதிராக வைத்துக்கொண்டு நன்றாகவே சுடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் புதிதாக வருகிறவருக்கு லேசான முதல் கட்டம் பதற்றத்தில் காலை வாரிவிடும்.

உள்ளே பாகங்கள் ஒன்றையொன்று எவ்வளவு பற்றிக்கொண்டிருக்கின்றன என்பதைத் தீர்மானிக்கும் திருகு சில மாடல்களில் உண்டு. அதைத் தொடாதீர்கள். பிடிப்பு குறைந்துபோனால் துப்பாக்கி தட்டினாலே சுட்டுவிடும். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

எந்தத் திருகைத் திருப்பியபின்னும் ஒரு சோதனை கட்டாயம். பெல்லட் இல்லாமல், டார்கெட்டைப் பார்த்தபடி, துப்பாக்கியைத் தயார் நிலையில் வைத்துக் கிரிப்பின் பக்கத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். விழுந்தால் அந்த அமைப்பு ஆபத்தானது, பழைய நிலைக்குத் திருப்புங்கள்.

பிறகு பத்துப் பதினைந்து ஷாட் சுட்டுவிட்டு மறுபடியும் எடை பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒரு தடவை. திருப்பிய உடனே காட்டும் எண்ணும் பத்து ஷாட்டுக்குப் பின் காட்டும் எண்ணும் சில நேரம் ஒத்துப்போகாது.

9. ஸ்பிரிங் கேஜும் டிஜிட்டல் கேஜும்

கையில் பிடித்து இழுக்கும் கேஜ் வைத்திருப்பவர்கள் “515 காட்டுது, ஆனா கல்லுல தோக்குது” என்பார்கள். கேஜ் பொய் சொல்கிறது என்று இல்லை, அது வேறொன்றை அளக்கிறது. படுக்கைவாட்டில் இழுக்கும்போது ட்ரிகர் பிளேடின் சொந்த எடை கணக்கில் வராது. பாரலைச் செங்குத்தாக நிறுத்தினால் பிளேடின் சொந்த எடையும் பின்னோக்கி இழுக்கும். அதில் சில கிராம் போய்விடும். மீதி வித்தியாசம் கை இழுக்கும் கோணத்தில்.

திருகைத் திருப்பும்போது எடை கூடுகிறதா குறைகிறதா என்று வேகமாகப் பார்க்கக் கேஜ் வசதிதான். முடிவு மட்டும் கல்லில்.

10. போட்டி நாளில்

மாவட்டப் போட்டியோ, மண்டலப் போட்டியோ, தேசியப் போட்டியோ, ஈக்விப்மென்ட் கன்ட்ரோல் (துப்பாக்கியும் உபகரணங்களும் விதிப்படி உள்ளனவா என்று சோதிக்கும்) மேஜைக்குச் சீக்கிரம் போங்கள். வரிசை நீண்டபின் போனால் அவசரமாகத் தூக்க வேண்டிவரும், தோற்றால் சரிசெய்ய நேரமும் இருக்காது. அங்கே உள்ள அதிகாரபூர்வக் கல்லில் முன்கூட்டியே உங்கள் பிஸ்டலைச் சோதித்துப் பார்க்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டுக் கல்லுக்கும் அங்கே உள்ள கல்லுக்கும் வித்தியாசம் இருந்தால் அங்கே உள்ளதுதான் சட்டம்.

மூன்று முயற்சியிலும் தோற்றால் அந்த இடத்திலேயே மன்றாடிப் பயன் இல்லை. ஒதுங்கிப்போய் எடையைக் கூட்டிக்கொண்டு மறுபடி கொண்டுவர வேண்டும். அப்போது 1/8 சுற்று என்று கஞ்சத்தனம் காட்டாமல் தாராளமாகக் கூட்டுங்கள், போட்டி முடிந்தபின் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

தேறிய துப்பாக்கியை அதன்பிறகு தொடாதீர்கள். “கடைசி சைட்டிங்ல (கணக்கில் சேராத ஆரம்ப ஷாட்டுகளில்) ஒரு கால் சுத்து” என்று ட்ரிகர் திருகில் கை வைப்பது தற்கொலைக்குச் சமம். ஏனென்றால் குறைந்தபட்ச எடை போட்டி முழுவதும் இருக்க வேண்டும் என்பதே விதி. கடைசி ஷாட் முடிந்தபின் சீட்டுக் குலுக்கி, எட்டுப் பேருக்கு ஒருவராவது என்ற கணக்கில், சிலரின் பிஸ்டலைத் துப்பாக்கிப் பெட்டிக்குள் போகும் முன்பே சோதிப்பார்கள். அங்கேயும் மூன்று முயற்சிதான். ஆனால் இங்கே தோற்றால் சரிசெய்து கொண்டுவரும் வாய்ப்பு இல்லை, நேரடியாகத் தகுதி நீக்கம். துப்பாக்கியைக் காட்டாமல் போனாலும் அதே தண்டனை.

என்னோடு பயிற்சி எடுத்த ஒரு பையனுக்கு இப்படி ஆனது. ஏழு மாத உழைப்பு, வாழ்க்கையிலேயே சிறந்த ஸ்கோர். காலையில் மூன்றாவது முயற்சியில் தேறிய பிஸ்டல், மதியம் மூன்றிலும் விழுந்தது. யாரையும் குறைசொல்ல வழியில்லை. முந்தைய இரவு விடுதி அறையில் பிளேடை அரை மில்லிமீட்டர் நகர்த்தியிருக்கிறான், எடை பார்க்கவில்லை.

சீட்டில் உங்கள் பெயர் வந்தால் துப்பாக்கியை மேஜையிலேயே விட்டுவிட்டு நகர்ந்து நில்லுங்கள். கொடி உள்ளே இருக்கட்டும், அதிகாரி சொன்னபின் எடுங்கள். அவர் கம்பியை பிளேடின் நுனியில் மாட்டுவது போலத் தெரிந்தால், தூக்குவதற்கு முன்பே மரியாதையாக, “சார், நடுவில் மாட்டலாமா?” என்று கேட்கலாம். தூக்கி விழுந்தபின் கேட்டால் அது வாக்குவாதமாகிவிடும்.